‘கைமோசக் கொலை’ என்று அச்சடிக்கும்போது மிச்சத்தையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையின் உள்பக்கத்தில் ஏழே ஏழு வரியில் ஒரு நீதிமன்றச் செய்தி வந்திருந்தது. கொலைக் குற்றச்சாட்டில் விளக்கம், அதாவது வழக்கு விசாரணை, நடந்து, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், கைமோசக் கொலைக்குக் குற்றவாளியாகக் காணப்பட்டு, பத்து வருடக் கடூழியச் சிறையும் தண்டப்பணமும் விதிக்கப்பட்டதாம். அவ்வளவுதான் செய்தி. கொலை என்று தொடங்கிய வழக்கு எதனால் கைமோசக் கொலையாக முடிந்தது என்பதற்கு ஒரு சொல் இல்லை.

அன்று காலையில் மீன் வாங்கப் போன இடத்தில் தேத்தண்ணிக் கடையில் அந்தப் பேப்பர்தான் கைமாறிக் கொண்டிருந்தது. “ஒரு உசிரை எடுத்தவனுக்குப் பத்து வருசமோ, காசு விளையாடியிருக்கு” என்றார் ஒருவர். “இல்லையண்ணை, கைமோசம் எண்டு போட்டிருக்கு, தெரியாமப் பட்டிருக்கும், வேணுமெண்டு செய்யேல்ல” என்றார் மற்றவர். இரண்டு பேரும் நல்ல மனிதர்கள், இரண்டு பேர் சொன்னதும் பிழை, அந்தப் பிழைக்கு நீங்கள் எழுதிய ஏழு வரியும் ஒரு காரணம் என்பதால்தான் இதை எழுதுகிறேன். நான் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். தமிழில் சொன்னதைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், அங்கே சொன்னதைத் திரும்பத் தமிழிலும் மாற்றிக் கொடுப்பதே இருபத்தேழு வருடம் என் வேலை. அதனால் முதலில் அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறேன்.

கைமோசம் என்றால் நம் ஊரில் என்ன விளங்கும்? கை தவறிப் போச்சு, பிடித்திருந்தது நழுவிப் போச்சு என்று விளங்கும். பிள்ளை கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தால் கைமோசம். சட்டத்தில் அந்தச் சொல் நிற்கும் இடம் வேறு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 294ஆம் பிரிவு எது கொலை என்று சொல்லிவிட்டு, கூடவே ஐந்து விதிவிலக்குகளையும் சொல்கிறது. அந்த ஐந்தில் ஒன்றுக்குள் வந்தால் அது கொலைக்குச் சமமாகாத மனிதக் கொலை, அதாவது பத்திரிகைகள் எழுதும் கைமோசக் கொலை. முதலாவது விதிவிலக்கு பாரதூரமான, சடுதியான ஆத்திரமூட்டல். இங்கே கை தவறுவதற்கு இடமே இல்லை. எதிரி அந்த நேரத்தில் கொல்ல வேண்டும் என்று நினைத்தே குத்தியிருக்கலாம், அப்படி நினைத்தும் இந்த விதிவிலக்கு அவருக்குக் கிடைக்கலாம். இலங்கையிலிருந்து, அன்று நமக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போன பெரேரா வழக்கில் 1950களின் தொடக்கத்திலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: கொல்லும் எண்ணம் இருக்கலாம், ஆனால் அந்த எண்ணம் ஆத்திரமூட்டலால் தன்னைக் கட்டுப்படுத்தும் சக்தியை இழந்த அந்தக் கணத்தில் பிறந்ததாக இருக்க வேண்டும். ஆக ‘தெரியாமல் பட்டது’ என்று கடையில் ஒருவர் சமாதானம் சொன்னாரே, அது அந்தச் சொல் செய்த வேலை.

‘காசு விளையாடியிருக்கு’ என்பதும் அப்படித்தான். கொலைக்கு நம் சட்டத்தில் மரண தண்டனை, 1976க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை என்றாலும் தீர்ப்பு அதுதான். கைமோசக் கொலைக்கு 297ஆம் பிரிவின்படி, எண்ணத்தோடு செய்திருந்தால் 20 வருடம் வரையும், மரணம் வரலாம் என்று தெரிந்து செய்திருந்தால் 10 வருடம் வரையும் சிறை. கீழ் எல்லை என்று ஒன்று அங்கே எழுதப்படவில்லை, வழக்கைப் பார்த்து நீதிபதி தீர்மானிப்பார். அதனால் ஒருவருக்கு ஐந்து வருடம், இன்னொருவருக்குப் பதினைந்து வருடம் என்று வரும், இரண்டுக்கும் காரணம் தீர்ப்பில் எழுதியிருக்கும், நீங்கள் அதை எழுதாவிட்டால் சனம் தன் பாட்டில் காசு என்று எழுதிக்கொள்ளும்.

சரி, அந்தப் ‘பாரதூரமான, சடுதியான’ என்ற இரண்டு சொல்லும் என்ன செய்கிறது என்பதை நான் பார்த்த இரண்டு வழக்கை வைத்துச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம், ஆட்களை அடையாளம் காட்டும் சில விபரங்களையும் வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன்.

முதலாவது, கடற்கரையில் நடந்தது. கரைவலை இழுத்து முடித்துப் பங்கு பிரிக்கும் நேரம். இரண்டு பேரும் மச்சான் முறை. ஒருவர் வாடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கறிக்கென்று ஒதுக்கிய பாரை மீனை வெட்டிக்கொண்டிருக்கிறார். பங்கில் ஏதோ குறைந்துவிட்டது என்று வாய்த்தர்க்கம். அதெல்லாம் நாளாந்தம் நடக்கிற தர்க்கம்தான், ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று சாட்சிகள் சொன்னார்கள். அப்போதுதான் மற்றவர், “பிள்ளையைத் தண்ணிக்க விட்டிட்டு ஓடித் தப்பினவன்தானே நீ, உனக்கென்ன பங்கு” என்று சொல்லிவிட்டார். 2004 மார்கழி 26, சுனாமி வந்த அன்று, நம் கரையில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கோ உங்கள் வாசகர்களுக்கோ நான் சொல்லத் தேவையில்லை. அந்த மனிதர் கையிலிருந்து நழுவிய பிள்ளையைப் பற்றி அவர் வீட்டில்கூட யாரும் வாய் திறப்பதில்லையாம். மீன் வெட்டிய கத்தி கையிலேயே இருந்தது. ஒரே ஒரு குத்து. குத்திவிட்டு ஓடவில்லை, அப்படியே ஈர மணலில் இருந்துவிட்டார், பொலிஸ் வரும்வரைக்கும் கத்தி அவர் மடியில் கிடந்தது. அந்த வசனத்தை நான் மொழிபெயர்க்க வேண்டி வந்த நாளில், ‘தண்ணிக்க விட்டிட்டு’ என்பதற்கு வேறு மொழியில் சொல் தேடி ஒரு நிமிடம் நின்றுபோனேன், நீதிபதியும் அவசரப்படுத்தவில்லை.

அது கைமோசக் கொலை என்று முடிந்தது. என்னைக் கேட்டால் சரியான முடிவு. ஏன் சரி என்றால், அந்தச் சொல்லுக்கும் அந்தக் குத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. கத்தியைத் தேடிப் போகவில்லை, யோசிக்க ஒரு மூச்சு நேரம்கூட இருக்கவில்லை. சொன்ன சொல்லும் சாதாரண ஏச்சு இல்லை. சொல்லால் மட்டும் ஆத்திரமூட்ட முடியாது என்று நம் சட்டக்கோவை எங்கும் சொல்லவில்லை, போதுமான அளவு பாரதூரமா, போதுமான அளவு சடுதியா என்பது ஒவ்வொரு வழக்கின் சங்கதியையும் வைத்துத் தீர்மானிக்க வேண்டியது என்றே அந்தப் பிரிவின் விளக்கம் சொல்கிறது.

இரண்டாவது வழக்கு ஒரு கோயில் திருவிழாவில் தொடங்கியது. சாமி வெளிவீதி சுற்றும்போது சனத்துக்கு நடுவில் ஒரு பொடியனை இன்னொருவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். அவமானம்தான், சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். பொடியன் சைக்கிளில் வீட்டுக்குப் போனான். கூரை இடுக்கில் செருகியிருந்த கத்தியை எடுத்தான். திரும்பி வரும் வழியில் பெரியம்மா வீட்டில் நின்று செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தான். அப்புறம் வந்து குத்தினான். எல்லாமாக ஒன்றரை மணித்தியாலம்.

அந்தப் பெரியம்மாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். பிள்ளையைக் காப்பாற்றத்தான் வந்தார் மனுசி. “பாவம் ஐயா, நல்ல பிள்ளை, வரேக்க படபடத்துக்கொண்டு வந்தவன், தண்ணி குடிச்சு ஆறினாப் பிறகுதான் போனவன்” என்றார். ஆறினாப் பிறகு. அந்தச் சொல் என் வாய்க்குள் வந்து நின்றது, அதை மாற்றாமல், குறைக்காமல், அப்படியே மறுமொழியில் கொடுப்பது என் கடமை, கொடுத்தேன். அரச தரப்புச் சட்டத்தரணி அதற்குமேல் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தன் வாயால் பிள்ளைக்கு என்ன செய்தேன் என்று தெரியாமலே அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அது கொலை என்றே தீர்ந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முழுச் சட்டமும் கிடக்கிறது. இரண்டு பேருக்கும் கோபம் உண்மை. ஆனால் கோபம் வந்ததா என்பதோடு சட்டம் நின்றுவிடுவதில்லை. எதனால் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, நடுவில் என்ன செய்தாய் என்று கேட்கிறது. இந்தியாவில் நடந்த நானாவதி வழக்கு பலருக்குத் தெரிந்திருக்கும். 1959 ஏப்ரலில் பம்பாயில் ஒரு கடற்படை அதிகாரி தன் மனைவி இன்னொருவரோடு தொடர்பு வைத்திருந்ததை மனைவியின் வாயாலேயே கேட்கிறார். கேட்டபிறகு மனைவியையும் பிள்ளைகளையும் படம் பார்க்கக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கப்பலுக்குப் போய் ரிவோல்வரும் ஆறு குண்டும் வாங்கிக்கொண்டு, அந்த ஆளின் அலுவலகத்துக்குப் போய், அங்கே இல்லை என்று வீட்டுக்குப் போய்ச் சுட்டார். ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். யூரிமார் அவரை விடச் சொன்னார்கள், ஊரே அவர் பக்கம் நின்றது, ஆனால் மேல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, 1961இல் உச்ச நீதிமன்றமும் கொலை என்றே உறுதிப்படுத்தியது. கட்டுப்பாடு இழந்திருந்தாலும் அதைத் திரும்பப் பெறுவதற்கும் யோசித்துத் திட்டமிடுவதற்கும் நேரம் இருந்தது என்பதுதான் காரணம். அப்போது அவர்களிடம் இருந்த சட்டக்கோவை நம்முடையதற்கு மூத்தது, இந்த இடத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

இன்னும் சில சங்கதி நம் சனத்துக்குத் தெரியாது. ஆத்திரமூட்டலை நீயே தேடிப் போய் வாங்கியிருந்தால் இந்த விதிவிலக்கு உனக்கு இல்லை. பொலிஸ்காரர் சட்டப்படி கைது செய்ய வந்தார், அதனால் கோபம் வந்தது என்றால் இல்லை. ஒருவர் தன்னைக் காத்துக்கொள்ளச் சட்டப்படி செய்ததால் கோபம் வந்தது என்றாலும் இல்லை. தகப்பனில் வந்த கோபத்தைப் பிள்ளையில் காட்டினால் அது கொலைதான், ஏனென்றால் அந்தப் பிள்ளை உன்னை ஆத்திரமூட்டவில்லை. இது சட்டக்கோவையிலேயே உதாரணமாக எழுதியிருக்கிறது.

அதே இடத்தில் இன்னொரு உதாரணம் இருக்கிறது, அதை நம் ஊர் ஒவ்வொரு சந்தியிலும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. ஒருவன் மற்றவனை அடிக்கிறான். அடிபட்டவன் ஆவேசமாக நிற்கிறான். பக்கத்தில் நிற்கும் மூன்றாமவன், இவனுடைய ஆவேசத்தைப் பயன்படுத்தி அடித்தவனை முடித்துவிடலாம் என்று எண்ணி, ஒரு கத்தியை எடுத்து இவன் கையில் கொடுக்கிறான். இவன் குத்துகிறான், அவன் சாகிறான். குத்தியவன் செய்தது கைமோசக் கொலையாக இருக்கலாம், கத்தியை எடுத்துக் கொடுத்தவன் செய்ததோ கொலை. அவனுக்குக் கோபம் இல்லை, அவன் தலை தெளிவாக இருந்தது. “விடாதையடா, உன்ர தாயை ஏசிப்போட்டான், பாத்துக்கொண்டு நிக்கிறியோ” என்று பின்னால் நின்று ஏற்றிவிடுகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். திருவிழாவில், கிரிக்கெட் மைதானத்தில், கலியாண வீட்டின் பின்பக்கத்தில். கையில் கத்தி கொடுத்தால்தான் குற்றம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாயால் தூண்டிவிடுவதையும் உடந்தை என்றுதான் சட்டம் பார்க்கிறது.

திடீர்ச் சண்டை என்று நாலாவது விதிவிலக்கு ஒன்றும் இருக்கிறது, அதைப் பத்திரிகைகள் ஆத்திரமூட்டலோடு சேர்த்துக் குழப்புகின்றன. முன்யோசனை இல்லாமல் இரண்டு பேர் மோதிக்கொள்கிறார்கள், அந்தச் சூட்டில் ஒருவர் சாகிறார். அங்கே யார் தொடங்கியது என்பது முக்கியமில்லை. ஆனால் அநியாயமான அனுகூலம் எடுத்திருக்கக் கூடாது, கொடூரமாக நடந்திருக்கக் கூடாது. வெறுங்கையோடு நிற்கிறவனை அலவாங்கால் அடித்துவிட்டுத் திடீர்ச் சண்டை என்று சொல்வது கடினம். நாம் கேள்விப்படும் குடிவெறிச் சண்டைகள் பல இந்த நாலாவதின் கீழ்தான் வாதாடப்படுகின்றன.

இதையெல்லாம் நிரூபிக்க வேண்டியவர் யார் என்பதும் முக்கியம். குற்றத்தை அரச தரப்பு நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். விதிவிலக்குக்குள் வருகிறேன் என்று சொல்கிற சுமை எதிரியினுடையது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அவ்வளவு உயரத்துக்கு நிரூபிக்கத் தேவையில்லை, ‘இப்படி நடந்திருக்கவே கூடுதலான சாத்தியம்’ என்ற அளவுக்குக் காட்டினால் போதும். சத்தியம் செய்து சாட்சியம் சொல்லலாம், அல்லது எதிரிக்கூண்டில் நின்றபடி சத்தியம் இல்லாமல் ஒரு கூற்றுச் சொல்லலாம், அரச தரப்புச் சாட்சிகளின் வாயிலிருந்தே அதை எடுத்துக் காட்டலாம். கடற்கரை வழக்கில் அந்த ஏச்சைச் சொன்னவர்கள் எல்லோரும் அரச தரப்புச் சாட்சிகள்தான்.

இங்கேதான் எனக்கு மிகவும் மனவருத்தமான இடம் வருகிறது, ஆசிரியரே. கடற்கரையில் பத்துப் பேர் கேட்டார்கள். வீட்டுக்குள் நடந்ததை யார் கேட்டது? ஆத்திரமூட்டியதாகச் சொல்லப்படுகிற ஆள் செத்துப் போய்விட்டார், அவர் வந்து ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று சொல்லப் போவதில்லை. உயிரோடு இருப்பவர் சொல்வதுதான் கதை. மனைவியைக் கொன்றவர் ‘அவளுக்கு இன்னொருவரோடு தொடர்பு’ என்று சொல்வார். அதை நீதிமன்றம் எடைபோட்டுப் பார்க்கும், சாட்சி கேட்கும், குறுக்கு விசாரணை நடக்கும், பல தடவை தள்ளியும் போடும். ஆனால் அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே, பிரேதம் வைத்தியசாலையில் கிடக்கும்போதே, ‘தகாத உறவால் விபரீதம், ஆத்திரத்தில் கணவன் வெறிச்செயல்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வந்துவிடுகிறது. அப்படிச் செத்துப்போன ஒரு பெண்ணின் தாய் அந்தப் பேப்பரை எங்கள் பக்கத்துக் கடையில் வாங்கி வாசித்திருக்கிறார், நான் பார்த்திருக்கிறேன். எந்த நீதிபதி தீர்மானித்தார் அது தகாத உறவு என்று? ஆத்திரம் என்று தீர்மானித்தவர் யார்?

கணவன் கண்ணால் கண்டான், கொன்றான் என்ற இந்த உதாரணமே பழைய இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்தது. மனைவி கணவனின் உடைமை, அவளிடம் இன்னொருவன் போவது உடைமையின் மேல் நடக்கும் மிகப்பெரிய அத்துமீறல் என்று 1707இல் ஒரு தீர்ப்பில் அங்கே சொல்லப்பட்டது. அந்த இங்கிலாந்தே அதைக் கைவிட்டுவிட்டது. 2009ஆம் ஆண்டின் சட்டத்தால் பழைய ஆத்திரமூட்டல் வாதத்தை ஒழித்து, 2010 ஒக்டோபரிலிருந்து ‘கட்டுப்பாடு இழத்தல்’ என்று புதிதாக வைத்திருக்கிறார்கள். அதில் துணையின் பாலியல் துரோகம் என்பதை மட்டும் தனியே காரணமாக எடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. நியூசிலாந்து 2009இல் இந்த வாதத்தை முழுதாகவே எடுத்துவிட்டது, அவுஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 2005இல் எடுத்தது. நாம் 1883இல் எழுதியதோடு நிற்கிறோம்.

எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடற்கரையில் ஈர மணலில் இருந்த மனிதரை நினைத்தால் எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. ஆனால் இந்தச் சட்டம் யாருக்கு இடம் கொடுக்கிறது, யாருக்குக் கொடுக்கவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். ‘சடுதி’ என்ற சொல் பலமுள்ளவனுக்கு வாய்ப்பான சொல். கோபம் வந்த கையோடு அடிக்க முடிந்தவன் அவன். அடிவாங்கிக்கொண்டே இருக்கிற பெண்ணுக்கு அந்த நொடியில் திருப்பி அடிக்க முடியாது, அடித்தால் அவள்தான் சாவாள்.

ஒரு வழக்கில் ஒரு பெண் எதிரியாக நின்றார். புருஷன் நித்திரையில் இருந்தபோது நடந்தது. முதல் நாள் இரவு அடித்திருக்கிறார், அது மருத்துவ அறிக்கையிலும் இருந்தது. குறுக்கு விசாரணையில் கேட்டார்கள்: அவர் அடித்ததற்கும் நீங்கள் இதைச் செய்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம்? அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேள்வியைத் திரும்பவும் தமிழில் மெதுவாகச் சொன்னேன். “பதினொரு வருசம்” என்றார். நான் பதினொரு வருடம் என்று மாற்றிக் கொடுத்தேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று சட்டத்தரணி ஆட்சேபித்தார், சட்டப்படி அவர் ஆட்சேபித்தது சரியாகவும் இருக்கலாம், ஆனால் நான் மொழிபெயர்த்த அத்தனை வருடத்தில் அதைவிடச் சரியான பதிலை நான் கேட்கவில்லை. அந்த வழக்கின் முடிவை இங்கே எழுத மாட்டேன். அவரின் பிள்ளைகள் வளர்ந்து இந்த மாவட்டத்திலேயே தொழில் செய்கிறார்கள்.

இதே சிக்கல் இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா என்ற பஞ்சாபிப் பெண்ணின் வழக்கில் வந்தது. பத்து வருடம் அடி வாங்கியவர், 1989இல் கணவன் நித்திரையில் இருந்தபோது பெற்றோல் ஊற்றி நெருப்பு வைத்தார். கொலை என்று ஆயுள் தண்டனை கிடைத்தது. 1992இல் மேன்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு விலக்கப்பட்டது, ஆனால் ஆத்திரமூட்டல் என்ற வாதம் அங்கேயும் வெற்றிபெறவில்லை, மனநிலை பாதிப்பால் பொறுப்புக் குறைந்தது என்ற வேறொரு வாசலால்தான் அவர் வெளியே வந்தார். நம் 294ஆம் பிரிவில் அப்படியொரு வாசல் இல்லை. இங்கே இருப்பது, சில தீர்ப்புகளில் மேன்முறையீட்டில் நமது நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட தொடர் ஆத்திரமூட்டல் என்ற கருத்து: நீண்டகாலம் சேர்ந்து வந்த கொடுமையையும் கணக்கில் எடுக்கலாம், கடைசியாக நடந்த ஒன்றில் கட்டுப்பாடு உடைந்திருந்தால். அது நல்ல தொடக்கம். ஆனால் அது தீர்ப்பு வாசிக்கிற சட்டத்தரணி கிடைத்த பெண்ணுக்குத்தான் உதவும், கிடைக்காதவருக்கு இல்லை. சட்டக்கோவையிலேயே அதை எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை, உங்கள் ஆசிரியத் தலையங்கத்தில் ஒரு நாள் இதைக் கேளுங்கள்.

அதுவரைக்கும், இப்போது அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண் இதை வாசித்தால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், முதலில் இடைக்காலக் கட்டளை, விசாரித்தபின் பன்னிரண்டு மாதம் வரைக்கும். அவருக்காகப் பொலிஸும் கேட்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. இதை உங்கள் பத்திரிகை நீதிமன்றச் செய்தியின் கீழே ஒவ்வொரு முறையும் இரண்டு வரியில் போட்டால் இடம் ஒன்றும் குறையாது.

செய்தியாளர் தம்பிமாரை நான் குறை சொல்லவில்லை. தீர்ப்பு நாளில் அவர்கள் வெளியே வெயிலில் நிற்பதும், ஓடி வரும் சட்டத்தரணியிடம் நாலு வரி கேட்டு அனுப்புவதும் எனக்குத் தெரியும். அந்த நாலு வரியோடு மூன்று கேள்வியை மட்டும் சேர்த்துக் கேளுங்கள். எந்த விதிவிலக்கின் கீழ் கொலை கைமோசக் கொலையானது? ஆத்திரமூட்டியது என்ன என்று நீதிமன்றம் கண்டது? அதற்கும் கொலைக்கும் நடுவில் எவ்வளவு நேரம்? வழக்குத் தொடங்கும்போது எதிரி சொன்னதை எதிரி சொன்னதாகவே எழுதுங்கள், நடந்ததாக எழுதாதீர்கள். சில வழக்கில் விளக்கமே நடக்காமல், சட்டமா அதிபரின் சம்மதத்தோடு எதிரி குறைந்த குற்றத்தை ஒப்புக்கொள்வதும் உண்டு, அப்படியென்றால் அதையும் சொல்லுங்கள், கடையில் காசுக் கதைக்கு வேலை இருக்காது.

விரும்பினால் உங்கள் திருகோணமலைச் செய்தியாளரை உவர்மலைக்கு அனுப்பிவையுங்கள். தீர்ப்பின் பிரதிக்கு எப்படி விண்ணப்பிப்பது, பிரதி கைக்கு வந்தால் முதலில் எந்தப் பக்கத்தைத் திருப்புவது என்று இருந்து காட்டித் தருகிறேன். காலையில் கோணேசர் கோயிலுக்குப் போய் வந்தால் ஒன்பது மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
உவர்மலை, திருகோணமலை.